தாம்போதிக்கு அங்கால் நோயாளி, இங்கால் அம்புலன்ஸ்: இந்த மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

குளக்கட்டு | செவ்வாய், இரவு 9:40

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கம். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாற்பத்தைந்து குடும்பம். மெயின் றோட்டுக்கு வர ஒரு தாம்போதியை, அதாவது தண்ணீர் மேலால் பாயும் தாழ்ந்த பாலத்தை, கடக்க வேண்டும். கோடையில் அதன்மேல் பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். மாரியில் குளம் வான் பாய்ந்தால் அது ஆறு.

போன வருடம் நவம்பர் கடைசி, டித்வா புயல் வந்த கிழமை. பக்கத்து வளவு அண்ணை விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தவர். விடியப்புறம் மூன்று மணிக்கு வயிற்று வலி என்று எழும்பினார். வாய்வு என்று நினைத்து அக்கா ஓமத்தண்ணீர் கொடுத்தார். ஐந்து மணியளவில் அண்ணைக்குக் கண் இமை தூக்க ஏலவில்லை. நித்திரைக் குழப்பமாக்கும் என்று நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடித்த அடையாளம் ஒன்றுமில்லை. அக்காதான் சந்தேகப்பட்டுப் பாயைத் தூக்கி உதறினார். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட கட்டுவிரியன், சுருண்டு கிடந்தது.

குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல். ஓடிப்போய் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடித்தேன். தமிழிலேயே கதைத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறேகால் மணிக்கு அம்புலன்ஸ் தாம்போதிக்கு அந்தப் பக்கம் லைட் போட்டபடி நின்றது. நடுவில் நெஞ்சளவு தண்ணீர்.

ஊரில் நான்கு ட்ரக்டர். ஒன்றின் சொந்தக்காரர் வவுனியாவில், திறப்பு அவருடைய சட்டைப்பையில். இன்னொன்றில் கலப்பை பூட்டிக் கிடந்தது, கழற்ற ஆள் இல்லை. மூன்றாவதுக்குப் பெட்டி வேறொருவர் வளவில், அதற்குள் விறகு. நான்காவது இரண்டு வருடமாகக் கல்லின்மேல் நிற்கிறது. கடைசியில் விறகை இறக்கி, பெட்டியைப் பூட்டி, அண்ணையை ஒரு பழைய கதவில் கிடத்திக் கடத்தும்போது ஏழரை ஆகிவிட்டது. எழுபத்தைந்து நிமிடம் அம்புலன்ஸ் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது.

அண்ணை தப்பிவிட்டார். பதினொரு நாள் மெஷினில் மூச்சு. இப்போது வயலுக்கும் போகிறார்.

என் கேள்வி இதுதான். கார்த்திகை வருகிறது. ஊராக நாங்கள் என்ன செய்து வைக்கலாம்? அரசாங்கத்தைத் திட்ட வேறு இழைகள் இருக்கின்றன.

முறிகண்டிக்கச்சான் | செவ்வாய், இரவு 10:05

திட்டாமல் எப்படி அண்ணை இருக்கிறது? 2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கண்டாவளை, பன்னங்கண்டி எல்லாம் மூழ்கியபோதும் இதே கதைதான். 2020இல் புரேவி புயல், பிறகு டித்வா. ஒவ்வொரு முறையும் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாலம் போட்டால் இந்த இழையே தேவையில்லை.

சரி, திட்டியாயிற்று. இனி மற்றவர்கள் சொல்லுங்கள்.

நைட்டூட்டி | புதன், அதிகாலை 2:20

நான் தாதிய உத்தியோகத்தர், வன்னியில்தான் வேலை. இப்போது வார்டு கொஞ்சம் அமைதி, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் அக்கா பாயை உதறியது பாதி வைத்தியம். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுப்பவரைத்தான் தேடி வந்தது போல வந்து கடிக்கும். பல்லு மயிர் மாதிரி, வலியும் தெரியாது, வீக்கமும் வராது. விடியற்காலை வயிற்று வலி, பிறகு இமை தொங்குதல், பிறகு விழுங்க ஏலாமை, கடைசியில் மூச்சு. மாரி காலத்தில் நிலத்தில் படுத்த ஆள் காரணமில்லாத வயிற்று வலியோடு எழும்பினால் பாம்பு என்று நினைத்துத்தான் நாங்கள் தொடங்குவோம். கட்டிலும், விளிம்பை நன்றாகச் செருகிய நுளம்பு வலையும் இருந்தால் இந்தக் கடியில் பெரும்பங்கு நடக்காது.

இந்த நஞ்சு நரம்பு நுனியைக் கெடுக்கும். கெட்ட பிறகு விஷமுறி மருந்து போட்டாலும் உடனே திரும்பாது, நாட்கணக்கில் தானாகத்தான் தேறும். அதுவரை யாராவது மூச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதயம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வழியில் மூச்சு நின்றுபோனால் “ஆள் போய்விட்டார்” என்று கைவிடாதீர்கள். வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே வாருங்கள். அப்படி ஊதி வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்த மகனுக்கு உதடு வெடித்திருந்தது, தகப்பன் ஒன்பதாம் நாள் என்னிடம் பிளேன்ரீ கேட்டார்.

மல்லாத்திக் கிடத்த வேண்டாம். எச்சில் தொண்டைக்குள் போகும். இடப்பக்கம் சரித்துக் கிடத்துங்கள்.

அப்புறம், சின்ன ஆஸ்பத்திரியில் “ஊசி இருக்கிறது, ஏன் போடவில்லை, ஏன் அனுப்புகிறீர்கள்” என்று எங்களோடு சண்டை பிடிப்பவர்களுக்கு. இந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது, அங்குள்ள பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பதால் ஒவ்வாமை அடிக்கடி வரும். மருந்து போட்ட அரைமணிக்குள் பிரஷர் விழுந்து மூச்சு இறுகியவர்கள் பலர். அட்ரினலினும் ஆளும் மூச்சுக் கருவியும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் போடுவது பாதுகாப்பு.

புடையன் (கண்ணாடி விரியன்) என்றால் வேறு கதை, அது இரத்தத்தை உறைய விடாது. வார்டில் நாங்கள் செய்யும் சோதனை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நல்லாய்க் காய்ந்த ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு மில்லி இரத்தம். ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம். பிறகு குப்பியைச் சரிப்போம். கட்டியாகி நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் மருந்து ஏற்றத் தொடங்குவோம். கரண்ட் இல்லாத இரவிலும் செய்யலாம். ஆனால் இருபது நிமிடம் பொறுமையாய் நிற்க வேண்டும். நோயாளியின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் அந்த இருபது நிமிடம் இரண்டு மணித்தியாலம்.

பாம்பை அடித்து உரப்பையில் கொண்டுவர வேண்டாம். செத்த தலையும் கடிக்கும். தூர நின்று போனில் படம் எடுங்கள், போதும்.

பெரியகட்டு | புதன், காலை 7:15

எல்லாம் சரி பிள்ளை. எங்கள் காலத்தில் பரியாரியார் கடிவாய்க்கு மேலே கயிறு கட்டிப் பார்வை பார்த்து எத்தனை பேரைக் காப்பாற்றினவர். இப்போது கட்டாதே என்கிறார்கள். யுத்த நேரம் காலில் கட்டு என்று நீங்கள்தானே பழக்கினீர்கள்? ஒரு நிலையில் நிற்க மாட்டீர்களோ?

பாலைப்பழம் | புதன், மதியம் 12:50

ஐயா, நியாயமான கேள்வி. நான் பதில் சொல்கிறேன். ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றும் பிரிவொன்றில் மருத்துவ உதவியாளராக இருந்தவள்.

கட்டுவது இரத்தம் பீறிடும் காயத்துக்கு. பாம்புக்கடிக்குக் கட்டவே கூடாது. இரண்டையும் கலந்ததுதான் வன்னியில் வந்த குழப்பம். புடையன் கடித்த காலை இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஒரே இடத்தில் தேங்கித் தசை அழுகும், காலே போகலாம். பாம்பு கடித்தால் மோதிரம், கொலுசு, கைச்செயின் கழற்றி, கை காலை அசையாமல் தடி வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெட்டுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது ஒன்றும் வேண்டாம். வலிக்குப் பனடோல் பரவாயில்லை, டிஸ்பிரின் (அஸ்பிரின்) கொடுக்கவே கூடாது.

வெடித்துக் கால் போன ஆளுக்கு, அல்லது அரிவாள், கலப்பை பட்டுக் குபுகுபு என்று ஓடுபவருக்கு: முதலில் துணியை வைத்து உடம்புப் பாரம் முழுவதும் போட்டு அமத்துங்கள். நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி, முழங்காலிலோ முழங்கையிலோ படாமல், அகலத் துணியால் கட்டித் தடி போட்டு முறுக்க வேண்டும். வயர், நைலோன் கயிறு வேண்டாம், சதையை அறுக்கும். கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதுங்கள். வழியில் இளக்கிப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று, தலைப்புக்கு வெளியே போகிறது, மன்னியுங்கள். துப்புரவாக்கின காணி என்று நினைத்துக் குப்பை கூட்டிக் கொளுத்தாதீர்கள். நிலத்துக்குக் கீழே கிடப்பது சூட்டில் வெடிக்கும். வெள்ளத்துக்குப் பிறகு இடம் மாறியும் கிடக்கும்.

டொரண்டோமாமா | வியாழன், அதிகாலை 4:30

வாசித்து மனம் தாங்கவில்லை. இங்கே எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடல் இருக்கிறது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் உங்கள் ஊருக்கே ஒரு அம்புலன்ஸ் வாங்கித் தரலாம். ஊர்ப்பெயர் எழுதி, கோயிலில் பூசை வைத்து ஓட விடுங்கள். தனிமடல் போடுங்கள் தம்பி.

றோட்டுப்பூச்சி | வியாழன், காலை 8:10

மாமா, மனதுக்குக் கும்பிடு. ஆனால் அன்றைக்கு அம்புலன்ஸ் வந்துதான் நின்றது. இரண்டாவது அம்புலன்ஸ் வந்திருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும்.

நான் 1990 அம்புலன்ஸ் சேவையில் வேலை செய்து விலகிய ஆள். கொஞ்சம் விளக்கம். இந்தச் சேவை 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது, வடக்குக்கு 2018 ஜூலையில் வந்தது. முழு நாட்டுக்கும் 297 வண்டிகள் என்ற கணக்கில் அமைத்தது. ஒரு சதமும் வாங்குவதில்லை. பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களில்தான் நிறுத்தி வைப்பார்கள். வண்டியில் இருவர்: ஓட்டுபவரைப் பைலட் என்போம், பின்னால் மருத்துவ உதவியாளர். உங்கள் அழைப்பு முதலில் கொழும்புப் பக்கம் போய் அங்கிருந்துதான் வண்டிக்கு வரும். “கோயிலடி”, “ஆலடிச் சந்தி” என்று சொன்னால் வன்னி முழுக்க ஆலடிச் சந்திதான். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, மெயின் றோட்டில் எத்தனையாம் கட்டை, அங்கிருந்து எந்தப் பக்கம், இதை ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரி வராது. நான் கண்ட உண்மை. ஒருமுறை ஒருவர் மனைவியின் பெயரையே மறந்து நின்றார்.

ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது வேறு வேலை, அது ஆஸ்பத்திரியின் சொந்த வண்டி. மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு வண்டி கிளம்பினால் போய்வர அரை நாள். அந்த நேரம் அந்த இடம் வெறுமை.

இனி மாமாவின் வண்டி. வண்டி வாங்குவது சுலபம். பதிவு யாருடைய பெயரில்? காப்புறுதி யார் கட்டுவது? இரவு இரண்டு மணிக்கு ஓட வரும் சாரதிக்குச் சம்பளம்? ஒட்சிசன் சிலிண்டர் முடிந்தால் நிரப்ப யார் போவது? இப்படி வந்த ஒரு வாகனம் ஓரிடத்தில் வேப்பமரத்துக்குக் கீழே நின்று, அதன் இருக்கையில் கோழி அடைகாத்ததை என் கண்ணால் கண்டேன்.

டொரண்டோமாமா | வியாழன், மாலை 6:55

கோழிக் கதை குத்திவிட்டது. நாங்கள் இருபது வருடத்துக்கு முன் விட்டுவிட்டு வந்த ஊரை நினைத்து வாங்கித் தருகிறோம், இருக்கிற ஊருக்கு என்ன தேவை என்று கேட்பதில்லை. சரி, கேட்கிறேன். என்ன வேண்டும்?

பூவரசு | வெள்ளி, முற்பகல் 10:30

மாமா, ஒரு கொப்பி வேண்டும். பகிடி இல்லை, சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். மிட்வைஃப் அக்கா என்றால்தான் எங்கள் பக்கம் தெரியும். ஒக்ரோபர் கடைசியில் நான் ஒரு வேலை செய்வேன். என் பிரிவில் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பிள்ளை பெற இருக்கும் எல்லோருடைய பெயரையும் தனித் தாளில் எழுதுவேன். வீடு தண்ணீருக்கு எந்தப் பக்கம் என்று பக்கத்தில் ஒரு கோடு. அங்கால் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் மழை எச்சரிக்கை வரும்போதே சொல்வேன்: “மோள், உடுப்பு பைக்குள் வை, நாளைக்குக் காலை மாமி வீட்டுக்குப் போ.” மாமி வீடு இல்லாதவளை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்ப்போம். வயிறு வலித்த பிறகு படகு தேடுவதைவிட, வெயில் இருக்கும்போது பஸ்ஸில் அனுப்புவது சுகம். சண்டை பிடிப்பார்கள், “இன்னும் மூன்று கிழமை இருக்குத்தானே மிஸ்” என்பார்கள். 2018 வெள்ளத்தில் அப்படிச் சொன்ன ஒருத்திக்கு இடம்பெயர்ந்தோர் முகாமில், பள்ளிக்கூட வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே நான் பிரசவம் பார்த்தேன். பிள்ளைக்குச் சுகம். எனக்குத்தான் மூன்று நாள் கை நடுங்கியது.

அதே கொப்பியில் மற்றவர்களும் வர வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள் முதலில். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு தவணை தவறினாலே ஆபத்து, இரண்டு தவறினால் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம். அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு வெள்ளத்துக்கு முன் அனுப்ப வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அடுத்தது. கரண்ட் நின்றால் பிரிட்ஜ் இல்லை. மண் முட்டிக்குள் ஈரமணல் போட்டு, மருந்துக் குப்பியைப் பொலித்தீனில் சுற்றி, இன்னொரு சின்னப் பாத்திரத்தில் வைத்து நிழலில் வையுங்கள். ஐஸ்கட்டிக்கு மேலே வைத்து உறைய விட்டால் அந்த மருந்தை எறிய வேண்டியதுதான். வலிப்புக் குளிசை, பிரஷர் குளிசை, இழுப்புக்குப் பம்ப் எல்லாம் இரண்டு கிழமைக்கு மேலதிகமாகக் கையில் இருக்க வேண்டும், கிளினிக் கொப்பியோடு சேர்த்துப் பொலித்தீன் பையில். கிளினிக் கொப்பி நனைந்தால் முகாமுக்கு வரும் டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. “அம்மா என்ன குளிசை?” என்று கேட்டால் “வெள்ளைக் குளிசை, சின்னது” என்பார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு வேலை கூடும். கிணற்றை இறைத்துக் குளோரின் போட பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி உப்புக்கரைசல் பக்கெற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் சீனி ஆறு தேக்கரண்டி மட்டமாக, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, கண்ணீர் அளவு உப்புத்தான் இருக்க வேண்டும், நக்கிப் பாருங்கள். வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் குளிசையை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது எத்தனை உயிரை எடுத்தது என்று மறந்துவிடாதீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு என்றால் மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கொப்பி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் விதானையாருக்கும் எப்போதும் இழுபறி. கிராம சேவையாளரிடம் ஒன்று, மிட்வைஃபிடம் ஒன்று, ஊர்ச்சங்கத்தில் ஒன்று என்பேன். நோய் விபரம் ஊர் வாயில் விழக்கூடாது, அதையும் பாருங்கள். சங்கத்துக் கொப்பியில் பெயரும் “முதலில் அனுப்ப வேண்டியவர்” என்பதும் மட்டும் போதும்.

முறிகண்டிக்கச்சான் | வெள்ளி, மதியம் 1:05

மிட்வைஃப் அக்கா, “கண்ணீர் அளவு உப்பு” என்பதை எழுதி அலுமாரியில் ஒட்டியாயிற்று.

ட்ரக்டர் விடயத்தில் ஒரு பயம் சொல்ல வேண்டும். குளக்கட்டு அண்ணை கோபிக்க வேண்டாம். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டம் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் கடக்க ட்ரக்டர் பெட்டியில் ஏறின மதரசாப் பிள்ளைகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. எல்லோரும் செய்தியில் பார்த்தோம். ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் ஆறு உயிரைக் கொடுக்கக் கூடாது. நெஞ்சளவில் நீங்கள் கடந்தது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

குளக்கட்டு | வெள்ளி, மதியம் 2:40

கோபமில்லை தம்பி. நடுவில் பெட்டி ஒருமுறை பக்கவாட்டில் அரக்கியது. அதை வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

பாலைப்பழம் | வெள்ளி, இரவு 9:15

எனக்கு ஒரு யோசனை. கொஞ்சம் நீளம்.

மிதிவெடி வேலையில் புதிய இடத்துக்குப் போனால் முதல் நாள் ஒருவரும் நிலத்தில் கருவி வைக்க மாட்டார்கள். முதலில் ஒத்திகை. ஒருவர் காயப்பட்டதுபோலப் படுப்பார். மற்றவர்கள் அவரைப் பாதுகாப்பான ஒழுங்கையால் வெளியே எடுக்க வேண்டும், நான் கட்டுப் போட வேண்டும், வாகனத்தில் ஏற்றி அருகில் உள்ள ஆஸ்பத்திரி வாசல்வரை உண்மையாகவே ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். மணிக்கூடு ஓடும். எந்த இடத்தில் றோட்டு உடைந்திருக்கிறது, எந்தச் சந்தியில் மாடு படுத்திருக்கும் எல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். வேலை தொடங்கிய பிறகும் இடையிடையே செய்வோம். முதல் தடவை எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று பிழைக்கும். ஒருமுறை ஸ்ட்ரெச்சர் வாகனத்துக்குள் நுழையவில்லை, நீளம் கூட. இதை உண்மையான காயக்காரனோடு கண்டுபிடித்திருந்தால்?

வன்னியில் இந்த வேலை செய்த பெண்களும் ஆண்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதலுதவி பழகின கைகள். இப்போது கடை வைத்திருக்கிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள், ஒருவரும் அவர்களைக் கேட்பதில்லை. குளக்கட்டு அண்ணை, உங்கள் ஊரிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார், விசாரியுங்கள்.

2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், எனக்குப் பத்தொன்பது வயது. புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். செஞ்சிலுவைக் கப்பல் காயக்காரரை ஏற்ற வரும் நாட்களில் யாரை ஏற்றுவது என்று பிரிக்கும் இடத்தில் தண்ணீர் கொடுக்க நின்றேன். கத்துபவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பார் என்று அங்கேதான் ஒரு தாதி அக்கா சொல்லித் தந்தார். அதற்கு மேல் எழுதவில்லை.

நைட்டூட்டி | சனி, அதிகாலை 3:10

தங்கச்சி சொன்ன அந்தக் கடைசி வரிதான் முழுப் பாடமும். ஏ9 றோட்டில் பஸ் பிரண்டால் என்ன நடக்கிறது தெரியுமா? நடக்கக் கூடியவர்கள் ஓட்டோ பிடித்து முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். சிராய்ப்பு, தலையில் புடைப்பு. கட்டில் எல்லாம் நிரம்பிவிடும். உள்ளே இரத்தம் கசிகிறவர் சத்தமில்லாமல் அரைமணி பிந்தி வருவார், அவருக்குக் கட்டில் இல்லை.

அதனால் இடத்திலேயே ஒருவர் உரத்துச் சொல்ல வேண்டும்: “நடக்கக் கூடியவர்கள் எல்லோரும் அந்த மரத்தடிக்கு வாருங்கள்.” வந்தவர்கள் பச்சை, அவர்கள் காத்திருக்கலாம். மிச்சம் கிடப்பவர்களிடம் போங்கள். மூச்சு மிக வேகமா, மணிக்கட்டில் நாடி தெரியவில்லையா, சொன்னதைச் செய்ய ஏலவில்லையா, இதில் ஒன்று இருந்தாலும் சிவப்பு, முதல் வண்டி அவருக்கு. மற்றவர் மஞ்சள், சிவப்புக்கு அடுத்தது. வாயைத் திறந்து, தாடையைத் தூக்கி மூச்சு வழியைச் சரிசெய்தும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு, இறந்தவர் கணக்கு. அந்தக் கறுப்பைச் சொல்வதுதான் கடினம். பக்கத்தில் தாய் நிற்பாள்.

எங்களிடமும் குறை உண்டு. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் அனர்த்தத் திட்டம் என்று தடித்த கோப்பு ஒன்று இருந்தது, அலுமாரிக்குள், அலுமாரித் திறப்பு லீவில் போனவரிடம். குளக்கட்டின் ட்ரக்டர்த் திறப்பு ஞாபகம் வருகிறது.

கரைவலை | சனி, காலை 11:00

முல்லைத்தீவுக் கரை. சுனாமி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

2004 டிசம்பர் 26 காயக்காரர் குறைவு. அலை எடுத்தது எடுத்ததுதான், விட்டது விட்டதுதான். வந்த காயங்கள் முழுக்க மண்ணும் சேறும். அவசரத்தில் தைத்து மூடியவை இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டிப் பிரிந்தன. கழுவித் திறந்தபடி விட்டுப் பிறகு தைக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

சடலங்களால் நோய் பரவும் என்று பயந்து அவசர அவசரமாகப் புதைத்தோம். இயற்கை அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் வராது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒரு படம், ஒரு உடுப்புத் துண்டு, ஒரு இலக்கம் எடுத்து வைத்திருக்கலாம். என் சித்தி இன்னும் மகளுக்குத் திவசம் செய்யவில்லை. உங்கள் கொப்பியில் இதற்கும் ஒரு பக்கம் வையுங்கள்.

பூவரசு | சனி, பிற்பகல் 3:45

வைக்கிறோம் தம்பி.

குளக்கட்டு | அடுத்த திங்கள், இரவு 8:20

ஞாயிறு பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் கூடினோம். பதினாறு பேர், அதில் பத்துப் பேர் அக்காமார். மற்ற ஆண்கள் வொலிபோல் முடிந்து வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். ஓடுகிற மூன்று ட்ரக்டருக்கும் இரண்டாவது திறப்பு வெட்டிச் சங்கக்கடைச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவது. ஒருவர் முதலில் மாட்டேன் என்றார், டீசல் களவு போகும் என்று. வாய்த்தர்க்கம் கொஞ்சம் நடந்தது. கடைசியில் அவருடைய மனைவியே திறப்பைக் கொண்டுவந்து தந்தார். நவம்பர் நடுப்பகுதியில் இருந்து தைப்பொங்கல்வரை ஒரு பெட்டி எப்போதும் பூட்டியபடி, வெறுமையாக நிற்கும். விறகு போடக் கூடாது.

தாம்போதித் தூணில் வெள்ளைப் பெயின்ற் அடித்து, அதில் சிவப்புக் கோடு போட்டோம். சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர் என்றால் ட்ரக்டரும் இல்லை, ஆளும் இல்லை, 117க்கு அடித்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் படகு கேட்பது. கோடு எங்கே என்பதில் ஒரு மணித்தியாலம் சண்டை. கச்சான் தம்பியின் மாவடிப்பள்ளிக் கதையைச் சொன்ன பிறகு கோடு ஒரு முழம் கீழே இறங்கியது. நெஞ்சளவு இல்லை, முழங்காலுக்குச் சற்று மேலே. அதற்கு முன்பே ஆட்களை மெயின் றோட்டுப் பக்கம் எடுப்பது என்பதற்குத்தான் பூவரசு அக்காவின் கொப்பி. இப்போதைக்கு ஏழு பெயர்.

பாலைப்பழம் தங்கச்சி சொன்னது சரி. பிள்ளையார் கோயிலடியில் தையல் தைக்கும் அக்கா ஆறு வருடம் மிதிவெடிப் பிரிவில் இருந்தவராம். அடுத்த வளவில் இருந்தும் எங்களுக்குத் தெரியாது. அவர்தான் ஒத்திகை நடத்தினார். நோயாளியாகப் படுக்க அண்ணை தானே முன்வந்தார், அனுபவம் இருக்கிறதாம். உரப்பை இரண்டுக்குள் தடி கோத்துத் தூக்கினோம். வீட்டில் இருந்து தாம்போதிக்கு அங்கால் போக முதல் தடவை முப்பத்தொரு நிமிடம், அதில் ஒன்பது நிமிடம் நாயைக் கட்ட ஆள் தேடியது. இரண்டாம் தடவை பத்தொன்பது. தண்ணீர் இல்லாத தாம்போதி என்பதால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

டொரண்டோ மாமா எட்டு லைஃப் ஜாக்கெட்டுக்கும் கொப்பிகளுக்கும் காசு அனுப்பியிருக்கிறார். வண்டியில் பெயர் எழுத முடியாமல் போனதால் ஜாக்கெட்டில் எழுதட்டோ என்று கேட்டேன். வேண்டாமாம்.

மற்றது, அண்ணை இப்போது கட்டிலில்தான் படுக்கிறார், வலையும் கட்டி. பாயை அக்கா அன்றைக்கே கொளுத்திவிட்டார். இனி எங்களுக்கு இருக்கும் பிரச்சினை, பெட்டி பூட்டிய ட்ரக்டரின் முன் லைட் ஒன்று எரியவில்லை. பழைய மாசி ஃபேர்குசன், 135. யாரிடமாவது கழற்றின லைட் கிடந்தால் சொல்லுங்கள், மாங்குளத்துக்கு வந்து எடுக்கலாம்.